கூண்டிலிருந்து பாதியில் இறங்கியவன்

இல்லைங்க தம்பி, நீங்க சாப்பிடுங்க. எனக்கு இறங்காது. பொட்டலத்தைப் பிரிச்சேன், பாத்தேன், மறுபடி மடிச்சு வச்சுட்டேன். தயிர்சோறுதான். தயிர்சோறே இறங்காதுன்னா என் நிலைமையைப் பாத்துக்கங்க.

மணி என்ன? ஒண்ணு நாப்பதா? அப்ப இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம். ரெண்டேகாலுக்கு ஜட்ஜம்மா திரும்ப வந்து உக்காருவாக. டவாலி வாசல்ல நின்னு ‘உடையப்பன், உடையப்பன், உடையப்பன்’னு மூணு தடவை கூவுவான். நான் எந்திரிச்சுப் போய்க் கூண்டுல ஏறணும். ஏறி என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல.

அங்க வராந்தாவுல பாருங்க. பச்சைச் சேலை கட்டி, மடியில கேரியரை வச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கா? அதுதான் மங்கை பாப்பா. பாப்பான்னா அறுபத்துமூணு வயசு. நான் வேலைக்குச் சேந்தப்ப அதுக்கு ஏழு வயசு, அதனால எனக்குப் பாப்பாதான். எங்க வக்கீல் ஐயாவோட மக. காலையில எந்திரிச்சு எனக்கும் சேத்துச் சமைச்சு எடுத்தாந்திருக்கு. நான் போகல. போகக்கூடாது. குறுக்கு விசாரணையில பாதியில இறங்கி வந்த சாட்சி தன் கட்சிக்காரரோடயும் பேசக்கூடாது, தன் வக்கீலோடயும் பேசக்கூடாது. ஐயா கண்டிப்பா சொல்லுவாக. பேசினா, ஏறினதும் முதக் கேள்வியே ‘சாப்பாட்டு நேரத்துல யாரோட என்ன பேசினீரு?’ன்னுதான் வரும்பாக. அதான் கடையில பொட்டலத்தை வாங்கிக்கிட்டு இந்த வேப்பமரத்தடிக்கு வந்துட்டேன். நீங்க திருவாடானைப் பக்கம், பாதை வழக்கு. உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. உங்ககிட்டயும் நான் வழக்கைப் பேசப் போறதில்ல. ஐயாவைப் பத்தித்தான் பேசப் போறேன். அதுல தப்பில்லையே?

வக்கீல் சொர்ணலிங்கம். உங்க அப்பாருக்குத் தெரிஞ்சிருக்கும். தேவகோட்டையில அறுபது வருஷம் வக்கீல் தொழில் பாத்தாக. ஒரே ஒரு கறுப்புக் கோட்டோட தொடங்கினாக. அதைத் துவைச்சுப் போட்ட அன்னிக்கு மழை பேஞ்சா ஈரக் கோட்டையே மாட்டிக்கிட்டு வந்து ஜட்ஜ் முன்னால நிப்பாக. நான் எட்டாவது பெயிலு. ‘கையெழுத்து முத்து முத்தா இருக்கு, இருந்துட்டுப் போடா’ன்னு குமாஸ்தாவாச் சேத்துக்கிட்டாக. இருந்துட்டேன். அம்பது வருஷம்.

கோர்ட்டுல புலி. வீட்டுல பாத்தீகன்னா சிரிப்பீக. வீட்டம்மாவுக்கு, விசாலாட்சி அம்மாவுக்கு, சின்ன வயசுலயே முடக்குவாதம், விரலெல்லாம் வளைஞ்சு போச்சு. மக தலையைப் பின்ன முடியாது. ஐயாதான் பின்னுவாக. பள்ளிக்கூட நாள்ல காலையில எட்டரை மணிக்கு ஆபீஸ் அறையில கட்சிக்காரங்க வரிசையா உக்காந்திருப்பாக. நடுவுல ஐயா நாற்காலியில. காலுக்குக் கீழ மங்கை பாப்பா. ஒரு கையில சீப்பு. ‘சொல்லுங்க, அந்த வரப்பை யாரு வெட்டினா?’ம்பாக. சொல்லுறவனுக்கும் பயம் போயிரும். ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, அதே கையோட பேனாவைப் பிடிப்பாக. ஒருதடவை மனுவெல்லாம் தேங்காயெண்ணெய்க் கறைன்னு கோர்ட் ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துட்டாக. ஐயா அதை வாங்கி மோந்து பாத்துட்டு, ‘சுத்தமான செக்கெண்ணெய்யா, இதுல என்ன குறை?’ன்னாக.

ஞாயித்துக்கிழமைன்னா தன் பயலுக ரெண்டு பேருக்கும் நகம் வெட்டிவிடுவாக. மூத்தவன் சம்பந்தம், அடுத்தவன் நாவுக்கு. நாவுக்கரசுன்னு பேரு, இப்ப வெளிநாட்டுல இருக்கான், இதுல தலையிடல. சம்பந்தம்தான் வழக்குப் போட்டது. அவனை நான் சைக்கிள் பாருல உக்கார வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விட்டிருக்கேன். இன்னிக்குக் காலையில என் எதிர் பெஞ்சுல உக்காந்திருந்தான். நான் ஏறினப்ப குனிஞ்சு செருப்பைப் பாத்துக்கிட்டான்.

இருங்க, இருங்க. அந்தா போறான் பாருங்க, நீலச் சட்டை. திரும்பிப் பாக்காதீக! அவன் எதிர்க்கட்சி வக்கீல் பாண்டித்துரையோட குமாஸ்தா. மூணாவது தடவையா இந்தப் பக்கம் வர்றான். எதுக்கு வர்றான்னு எனக்குத் தெரியும். நான் சாப்பிடுறேனான்னு பாக்க வர்றான். கொஞ்சம் பொறுங்க, ஒரு வாய் வச்சுக்கிறேன். ... ம். போயிட்டானா? போயிட்டான். இதைத் துப்பிக்கிறேன், மன்னிச்சுக்கங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த வேலையை அம்பது வருஷம் பாத்தவனே நான்தான்.

ஐயாவோட வித்தை அது. மணி ஒண்ணு இருபத்தஞ்சு ஆகுற வரைக்கும் சாட்சியைச் சும்மா கேட்டுக்கிட்டே இருப்பாக. எந்த ஊரு, எத்தனை மாடு, மக எங்க கட்டிக் கொடுத்திருக்கு. சாட்சி ‘அட, இம்புட்டுத்தானா’ன்னு தெம்பாயிருவான். ஒண்ணு இருபத்தெட்டுக்கு ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுவாக. ஒரே ஒரு கேள்வி. அவன் வாயைத் தொறக்குறதுக்குள்ள ‘மணியாச்சே, பெரியவர் சாப்பிட்டு வந்தே சொல்லட்டும்’னு ஐயாவே ஜட்ஜுகிட்டச் சொல்லிருவாக. பாக்குறவுகளுக்குப் பெருந்தன்மையாத் தெரியும். ‘நம்ம கேள்வி பாதி வேலைதான்டா உடையப்பா, மீதியை அவன் வயிறு பாத்துக்கிரும்’பாக. நான் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டாந்து ஐயாவுக்குப் பரிமாறிட்டு இந்த மரத்தடியை ஒரு சுத்து சுத்திட்டுப் போவேன். ‘சாப்பிட்டானா?’ம்பாக. ‘பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லைங்கய்யா’ம்பேன். ‘அப்பச் சரி’ன்னு மோரை ஊத்திக்குவாக.

எவ்வளவு பெரிய மூளை பாத்தீகளா! எத்தனை வழக்கு செயிச்சது இந்த மரத்தடியில!

இருளாயின்னு ஒரு பொம்பளை. வருஷம் எழுபத்தஞ்சா எழுபத்தாறா, நினைவில்ல. புஞ்சை வழக்கு. எதிர்க்கட்சிக்கு அவதான் சாட்சி. அவகிட்ட ஐயா ஒரு பழைய ரசீதைக் காட்டி, ‘இந்தக் கைநாட்டு உன்னுதா, உன் மாமியாளுதா?’ன்னு கேட்டு நிறுத்திட்டாக. இந்தா, நீங்க உக்காந்திருக்கீகளே, இந்த வேர்லதான் உக்காந்திருந்தா. கை ரெண்டையும் முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு. நான் சுத்து சுத்தி வந்தப்ப, ‘தம்பி, நீ படிச்சவன் மாதிரி இருக்க, நான் என்னன்னு சொல்லணும்?’னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ‘நெசத்தைச் சொல்லு ஆத்தா’ன்னேன். ‘நெசந்தான் மறந்து போச்சே, வயித்தைப் பெசையுதே’ன்னா. ரெண்டேகாலுக்கு மேல ஏறி, ரெண்டு பேருதும் இல்லைன்னுட்டா. தோத்துப் போச்சு அவ பக்கத்து வழக்கு. டீக்கடையில இதை நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்காத வருஷமில்ல.

ஐயாவுக்கு அன்னிக்கு ராத்திரி பித்தம். இலை போட்டது போட்டபடி எந்திரிச்சுட்டாக. அடுத்த நாள் பாப்பாவுக்குச் சடை பின்னல, கை வலிக்குதுன்னு சொல்லிட்டாக. வெயில்ல அலைஞ்சது. அதுக்கப்புறமும் அந்த வித்தையைச் செஞ்சாக. ஆனா பொம்பளை சாட்சிகிட்டச் செய்யல. ஏன்னு நான் கேட்டதில்ல.

மணி என்ன? ஒண்ணு அம்பதா? ஓடுதே.

இந்தப் பாண்டித்துரை வேற யாருமில்ல. ஐயாகிட்டயே ஜூனியரா இருந்து தொழில் படிச்ச பய. ஐயா வீட்டுக் கிணத்தடியில குளிச்சு, ஐயா வீட்டு அடுப்படியில சாப்பிட்டவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐயா தொண்ணூத்தொரு வயசுல போனப்ப பாடையைத் தூக்குனதுல முன்தோள் அவன். அதெல்லாம் தொழில்ல செல்லாது, அவனைக் குத்தம் சொல்லக்கூடாது. காலையில என்னைக் கூண்டுல நிறுத்தி, ‘அண்ணே, ஐயா வீட்டுல மீன்குழம்பு யார் வைப்பா?’ன்னு கேட்டான். கோர்ட்டே சிரிச்சுது. ஜட்ஜம்மாவும் சிரிச்சாக. ‘ஐயாவுக்குச் சளி பிடிச்சா என்ன பண்ணுவாக?’ன்னான். நானும் தெம்பாப் பேசுறேன். விபரம் தெரிஞ்சவன், அம்பது வருஷம் பாத்தவன், தெம்பாப் பேசுறேன் பாருங்க! கடிகாரத்தைப் பாக்கல. ஒண்ணு இருபத்தெட்டுக்கு அவன் அந்த உயிலைக் கையில எடுத்தப்பத்தான் எனக்கு உரைச்சுது.

உயில் என்னன்னா, வீடு மங்கை பாப்பாவுக்கு. நிலமெல்லாம் பயலுக ரெண்டு பேருக்கு. அவ்வளவுதான். பாப்பா புருஷன் செத்ததும் திரும்பி வந்தது. எட்டு வருஷம் ஐயாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மருந்து கொடுத்தது. அந்த வீட்டை விட்டா அதுக்குப் போக்கிடம் கிடையாது. உயில் செல்லாதுன்னு ஆனா வீடு மூணு பங்கு. சம்பந்தம் இடிச்சுட்டு மண்டபம் கட்டுவான்.

உயிலுக்கு ரெண்டு சாட்சி. ஒருத்தர் டாக்டர் ஜபருல்லா, அவர் போன வருஷம் மௌத்தாயிட்டாரு. இன்னொரு சாட்சி நான். அம்பது வருஷத்துல எத்தனையோ பேரு உயிலுக்கு என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காக, ஆனா தன் உயிலுக்கே என்னைப் போடச் சொன்னாகளே, யாருக்குக் கிடைக்கும் அந்தக் கௌரவம்? என் வீட்டுக்காரிதான் கூறுகெட்டவ. ‘சாட்சி போட்டவனுக்கு உயில்ல ஒண்ணும் எழுதக்கூடாதுன்னு உங்க ஐயாவே சொல்லுவாகல்ல? உன்னைச் சாட்சியாப் போட்டப்பவே தெரியலையா உனக்கு ஒண்ணுமில்லைன்னு?’ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

சம்பந்தம் என்ன சொல்லுறான்னா, அந்தக் கையெழுத்து எங்கப்பா கையெழுத்தே இல்லைங்குறான். அவன் பொய் சொல்லல தம்பி. அதுதான் கொடுமை. அவன் நெசமா அப்படி நினைக்குறான். அவனுக்குத் தெரிஞ்ச அப்பா கையெழுத்து வாளால கீறினது மாதிரி இருக்கும். உயில்ல இருக்குறது கோழி கிண்டினது மாதிரி இருக்கு. இதை யாரு போட்டிருப்பான்னு கேட்டா, இந்தா இருக்கேனே நான். ஐயா வெளியூர் போயிருந்தா வாய்தா மனுவுல ஐயா பேரை நானே போட்டுக் கொடுத்துருவேன். ஐயாவுக்குத் தெரியும். ஒரு அவசரத்துக்குத்தான். அதைப் பக்கத்துல நின்னு பாத்தவன் யாரு? ஜூனியர் பாண்டித்துரை.

நான் போட்டிருந்தா நல்லாவே போட்டிருப்பேனே! ஐயா நடுவயசுல போட்ட கையெழுத்தை அச்சு மாதிரி போட்டிருப்பேனே, இப்படி நடுங்கியா போடுவேன்? இதைக் கூண்டுல சொன்னா நல்லாத்தான் இருக்கும். சொன்ன கையோட என்னைக் கொண்டு போய் உள்ள வச்சுருவாக.

சிரிக்காதீக தம்பி. எனக்கு எழுபத்தஞ்சு வயசு. சுகர் மாத்திரை இல்லாம ஒரு நாள் தாங்காது.

பாண்டித்துரை என்ன கேட்டான்னா, நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை முதல்ல சத்தமா வாசிச்சான். ‘எங்க ஐயா திடமான கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டதை நான் நேரில் பார்த்தேன்.’ வாசிச்சுட்டு உயிலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். ‘திடமான கைன்னு சொல்லுறீக. இது திடமான கை போட்டதா? இல்ல, உங்க ஐயா போட்டதே இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே.’ நான் வாயைத் தொறக்குறேன், ‘மணியாச்சும்மா, அண்ணன் சாப்பிட்டு வந்தே சொல்லட்டும்’னுட்டான். ஐயா குரல் மாதிரியே இருந்துச்சு.

அந்த ‘திடமான கை’ங்குற வார்த்தையை எனக்கு யாரும் சொல்லித் தரல. மங்கை பாப்பாவோட வக்கீல் சின்னப் பொண்ணு. ‘கையெழுத்துப் போட்டதைப் பாத்தீங்களா தாத்தா?’ன்னு மட்டும்தான் கேட்டுச்சு. பாத்தேன்னு நிறுத்தியிருக்கணும். ‘திடமான கையால, நிதானமா’ன்னு நானே சேத்தேன். ஏன் சேத்தேன்னு கேட்டா...

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வழக்கு இல்ல இது. ஐயாவைப் பத்தினதுதான்.

ஐயாவுக்கு எண்பத்துமூணு வயசுல வலது கை நடுங்க ஆரம்பிச்சுது. முதல்ல விரல். அப்புறம் மணிக்கட்டு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுட்டாக. கோர்ட்டுக்கு வர்றதை நிறுத்திட்டாக, கண்ணு சரியில்லைன்னு காரணம் சொல்லிட்டு. சம்பந்தம் லீவுல வந்தா துண்டை மடியில போட்டு, அதுக்கடியில கையை வச்சுக்குவாக. அவன் இருக்குற வரைக்கும் காபியைத் தொட மாட்டாக. ஆறிப் போயிரும். ‘அப்பா ஏன் காபி குடிக்கிறதில்ல?’ன்னு கேப்பான். ‘வயித்துக்கு ஆகல’ம்பாக. அவன் கிளம்பினதும் நான் டம்ளரைப் பிடிச்சுக்குவேன். ஐயா கை நடுங்குறது பாப்பாவுக்குத் தெரியும். ஆனா அப்பா மனசு நடுங்கி அது பாத்ததில்ல. அதுகிட்ட எந்நேரமும் கேலியும் கிண்டலும்தான். ‘உன் சடையைப் பின்னிப் பின்னித்தான் கை இப்படி ஆச்சு’ம்பாக.

எண்பத்தாறு வயசுல ஒரு நாள் மத்தியானம், உயிலை நான் டைப் அடிச்சு முடிச்சுட்டேன். பாப்பா கோயிலுக்குப் போயிருந்துச்சு. டாக்டரை ஐயா அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருந்தாக. பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டு, ‘உடையப்பா, வெளியில போய் நில்லு. கூப்பிடுறப்ப வா’ன்னாக.

அம்பது வருஷத்துல என்னை வெளியில நில்லுன்னு சொன்னதில்ல. எத்தனை ரகசியம் பேசியிருக்காக என்னை வச்சுக்கிட்டு! வேற ஒருத்தர் உயில் எழுத வந்தா, ‘சாட்சி கண்ணால பாக்கணும். பாக்காம போட்ட சாட்சி, சாட்சியே இல்ல’ன்னு மேசையைத் தட்டுற மனுஷன். அவுக என்னை வெளியில போகச் சொல்லுறாக.

போனேன். ஆபீஸ் அறைக்கு ஒரு பாதிக் கதவு உண்டு, மேலயும் கீழயும் திறப்பா, தள்ளினா ஆடுமே, அது. அதுக்கு மேல எட்டிப் பாக்கக்கூடாதுன்னுதான் நின்னேன். ரொம்ப நேரமாச்சு. சத்தமே இல்ல. எனக்குப் பயம் வந்துருச்சு, விழுந்துட்டாகளோன்னு. பாத்துட்டேன்.

மேசை பூராவும் பழைய தாளு. ஒவ்வொரு தாளுலயும் பேரை எழுதிப் பாத்திருக்காக. சொர்ணலிங்கம், சொர்ணலிங்கம், சொர்ணலிங்கம். ஒண்ணாவது கோட்டுல நிக்கல. இடது கையால வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு எழுதுறாக. பேனா தாளைக் கிழிக்குது. பேனாவைக் கீழ வச்சாக. நெத்தியை மேசையில சாச்சாக. முதுகு குலுங்குது தம்பி. கோர்ட்டையே நடுங்க வச்ச முதுகு. நான் என் வாயைப் பொத்திக்கிட்டேன்.

அப்புறம் நிமிந்தாக. மூஞ்சியைத் துண்டால துடைச்சாக. உயிலை இழுத்து, எழுத்து எழுத்தா, பிள்ளைக பலகையில எழுதுற மாதிரி போட்டாக. ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு. முடிச்சுட்டு, எழுதிப் பழகின தாளையெல்லாம் கிழிச்சுக் கூடையில போட்டாக. ‘உடையப்பா’ன்னாக. நான் நாலடி பின்னால போய், நடந்து வர்ற மாதிரி செருப்புச் சத்தம் காட்டி உள்ள போனேன்.

தாளை என் பக்கம் தள்ளினாக. ‘நான் கையெழுத்துப் போட்டதைப் பாத்தியா?’ன்னு கேட்டாக.

‘பாத்தேங்கய்யா. திடமான கையால நிதானமாப் போட்டீக’ன்னேன்.

என்னையே பாத்துக்கிட்டிருந்தாக. அப்படிப் பாத்ததே இல்ல. ரொம்ப நேரம். ‘அப்பப் போடு’ன்னாக. போட்டேன். சாயந்திரம் டாக்டர் வந்தப்ப, ‘இது என் கையெழுத்துதான், போடுங்க’ன்னு சொல்லி அவர்கிட்ட வாங்கிட்டாக. அப்படி ஒப்புக்கிட்டு வாங்கினாலும் சட்டத்துல செல்லும்.

அன்னிக்கு ஐயா மனசு நோகக்கூடாதுன்னு சொன்ன வார்த்தைதான் அது. அந்தச் சின்னப் பொண்ணு கேட்டப்பவும் வாயில அதே வந்துருச்சு. இப்ப அதை மாத்திச் சொல்லணும்னா, இத்தனை பேரு நடுவுல, பாண்டித்துரை முன்னால, அவன் ஜூனியருக முன்னால, எங்க ஐயா தன் பேரை எழுதத் தெரியாம மேசையில தலையை வச்சு அழுதாகன்னு நான் சொல்லணும். அதை டைப் அடிச்சு வச்சுருவாக. எங்க அப்பா புத்தி பேதலிச்சுப் போய் எழுதினதுன்னு சம்பந்தம் அதையே பிடிச்சுக்குவான். பாப்பா முன் பெஞ்சுல உக்காந்திருக்கும். காலையில சொன்னது பொய்யான்னு ஜட்ஜம்மா கேப்பாக. சத்தியம் பண்ணி ஏறினவன் நான். சொல்லலைன்னாலோ, நானே போட்ட கள்ளக் கையெழுத்துன்னு ஆகும். பாப்பா தெருவுல நிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயித்தைப் பெசையுது. அந்த இருளாயி இதைத்தான் சொன்னா. நான் சிரிச்சேனே தம்பி. இந்த மரத்தடியில நின்னுல்ல சிரிச்சேன்.

என்ன கேட்டீக? கதவா?

பாதிக் கதவுக்குப் பின்னால பெரிய கதவு ஒண்ணு இருக்கு, ஆமா. கட்சிக்காரங்க ரகசியம் பேசினா ஐயா அதைச் சாத்தித் தாழ் போட்டுருவாக. அன்னிக்குச் சாத்தல. மறந்திருப்பாக. எண்பத்தாறு வயசு.

ம்.

இல்ல. மறக்குற ஆளில்ல அவுக. சாகுற அன்னிக்குக் காலையில கூட, முப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்த வழக்கோட நம்பரைச் சொன்னாக. சாத்தியிருக்கலாம். தாழ் போட்டிருக்கலாம். அந்தப் பாதிக் கதவுக்கு மேல என் தலை தெரியும், கீழ என் காலு தெரியும். நான் அங்க நிக்குறது அவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

பக்கத்துல நிக்க வச்சுக்க மனசு வரல. ஆனா ஒருத்தனாவது கண்ணால பாக்கலைன்னா அவுக கணக்குல அது சாட்சியே இல்ல. அதுக்குத்தான் அந்தக் கதவு. ஐயோ, கடவுளே. அதனாலதான் ‘பாத்தியா’ன்னு கேட்டாக. வக்கீலாத்தான் கேட்டிருக்காக தம்பி! அவுக சாட்சி கேட்டாக. நான் ஆறுதல் சொல்லிட்டேன். என்னை அவ்வளவு நேரம் பாத்தாகளே, இந்தப் பய கூண்டுல ஏறினா இதையேதான் சொல்லுவான், கெடுத்துருவான்னு அப்பவே தெரிஞ்சு போச்சா அவுகளுக்கு? தெரிஞ்சுமா ‘போடு’ன்னாக?

மணி சொல்லாதீக. அந்தா, டவாலி துண்டை உதறிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டான்.

கொஞ்சம் கையைக் கொடுங்க, எந்திரிச்சுக்கிறேன். கால் மரத்துப் போச்சு. பாப்பா இங்கதான் பாக்குது. அதைப் பாத்துக்கிட்டு என்னால சொல்ல முடியாது. ஜட்ஜம்மாவைப் பாத்தே சொல்லிர்றேன். சின்னக் குரல்ல சொன்னா டைப் அடிக்குற பொண்ணுக்குக் கேக்காது, ‘சத்தமாச் சொல்லுங்க’ன்னு மறுபடி சொல்ல வைப்பாக. ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்ல. ஒரே தடவையில சொல்லிரணும். கூப்பிடுறான், கேக்குதா, உடையப்பன்னு கூப்பிடுறான். மூணு தடவை கூப்பிடுவான், அதுக்குள்ள ஒருதடவை உங்ககிட்டச் சொல்லிப் பாத்துக்கிறேன். இருங்க.

‘நடுங்குச்சுங்கம்மா. எங்க ஐயா கை ரொம்ப நடுங்குச்சு. நான் பாத்தேன்.’

கேட்டுச்சா தம்பி உங்களுக்கு?